மேல்கட்டிலின் கம்பி

இரும்புக் கட்டிலின் கம்பியில் ஒரு மனிதனின் நெற்றி முழு வேகத்தில் மோதினால் எழும் சத்தம் மணியோசை போலவும் இருக்காது, பாத்திரம் விழுந்தது போலவும் இருக்காது; பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியை வெளியிலிருந்து ஒருமுறை ஓங்கித் தட்டியது போல மந்தமாகத் தொடங்கி, கட்டிலின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கி அடங்கும். அந்தச் சத்தத்தை நான் பதினொரு வயதில், ஷார்ஜாவின் ரோலா பகுதியில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேட்டேன். அதன் பிறகு எத்தனையோ கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். அதற்கு இணையான இசை என் காதில் விழவில்லை. வயதானால் மனம் கனிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு முழங்கால் மட்டும்தான் கனிந்திருக்கிறது.

என் தந்தை ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. குடும்ப விசா எடுக்கும் தகுதி அவருடைய சம்பளத்துக்கு மயிரிழையில் இருந்ததால், அம்மாவும் நானும் ரோலாவில் இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, மற்றவர்களோடு பொதுவான ஒரு குளியலறை என்று வாழ்ந்தோம். எங்களுக்குப் பின்சந்தில் இருந்த பழைய கட்டடத்தில் அம்மாவின் தம்பி வேலுச்சாமி, அதாவது என் வேலு மாமா, தம் கம்பெனி கொடுத்த அறையில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்தார். பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடிக்கும் தச்சர் வேலை. விமானம் ஏறும்போது அவருடைய பெட்டியில் இரண்டு கைலி, ஒரு ஊறுகாய் பாட்டில், ஊரில் கராத்தே கற்று வாங்கிய பழுப்பு நிற பெல்ட் ஒன்று, இவ்வளவுதான் இருந்தன. கறுப்பு பெல்ட்டுக்குத் தேர்வு நடக்கவிருந்த மாதத்தில் விசா வந்துவிட்டது. விசா யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதை அதன் பிறகு என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் பிறருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

மாமாவின் அறைக்கு வெள்ளிக்கிழமைகளில் அப்பாவோடு நானும் போவேன். அம்மா கொடுத்தனுப்பும் மீன்குழம்புத் தூக்கை நான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அறையைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் உலகத்தில் ஒரு சண்டைக்கலை பிறந்த இடம் அது. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி இரட்டை அடுக்குக் கட்டில்கள், நடுவில் ஒரு ஆள் நேராக நடக்கலாம், இரண்டு ஆள் என்றால் ஒருவர் சுவரோடு பல்லியாக வேண்டும் என்கிற அளவில் ஒரு நடைபாதை. அதை அவர்கள் ‘இடுக்கு’ என்பார்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், பெட்டிகளுக்கு முன்னால் செருப்புகள். இடுக்கின் கடைசியில் குறுக்காக ஒரு கட்டில். அதன் கீழ் அடுக்கு மாமாவுடையது, மேல் அடுக்கு கீழக்கரை சுல்தான் காக்காவுடையது; அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். காக்கா அதே கம்பெனியின் சாமான் கிடங்கில் கணக்கு பார்த்தவர், தலைநரைத்தவர், அறையில் எந்தத் தகராறுக்கும் கடைசித் தீர்ப்பு அவருடையது. பகலில் எந்நேரமும் யாராவது இருவர் இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் அங்கே சத்தம் போடக்கூடாது.

அந்த அறையில் தங்கராஜ் என்றொருவர் இருந்தார். நாகர்கோவில்காரர், ஆறடி உயரம், கிரேன் ஓட்டுபவர். மாமாவுக்கு முன்பே வந்தவர் என்பதால் அறைக்கே சொந்தக்காரர் போல் நடந்துகொள்வார். மாமாவிடம் பெல்ட் ஒன்று இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவருக்குப் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. மாமா பல் விளக்கப் போகும்போது இடுக்கில் காலை நீட்டுவார். சோற்றுத்தட்டோடு வரும்போது பிடரியில் தட்டுவார்.

“எலேய், உன் கராத்தே எங்கலே? பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டியா? கொஞ்சம் தொறந்து காட்டுலே, நாங்களும் பாத்துக்கிடுதோம்” என்பார். அறையே சிரிக்கும். காக்கா மட்டும் சிரிக்கமாட்டார்.

மாமா ஒருமுறை பொறுக்கமுடியாமல், ஊரில் கற்ற முறைப்படி, காலை இடுப்புக்கு மேல் தூக்கி உதைக்கப் பார்த்தார். கால் எதிர்க்கட்டிலின் சட்டத்தில் இடித்துப் பெருவிரல் நகம் பிய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவருடைய டீ கிளாஸ் உடைந்தது. தங்கராஜ் அதை வருவோர் போவோரிடமெல்லாம் நடித்துக் காட்டினார். நாங்கள் மீன்குழம்போடு போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, என் அப்பாவுக்கும் நடித்துக் காட்டினார். மாமா என்னைப் பார்க்காமல் தூக்கை வாங்கி வைத்தார். பிறர் அவமானப்படும்போது பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள் என்று எவரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் மறக்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, மாமாவை உட்காரவைத்துச் சொன்னாள்: “ஊரான் நாட்டுல கையை ஓங்காதடா. இங்க ஓங்குன கை ஏர்போர்ட்டுலதான் போய் இறங்கும்.” போலீஸ், வழக்கு, விசா ரத்து என்று வரிசையாக நடக்கக்கூடிய காரியத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு எந்தச் சுற்றறிக்கையையும் நான் பிற்காலத்தில் படித்ததில்லை.

மாமா கையை ஓங்கவில்லை. அதற்குப் பதிலாக, கற்ற கராத்தேயை அவிழ்த்துப்போட்டு அந்த இடுக்குக்கு ஏற்றபடி மறுபடியும் கட்டினார். கதவு அடைபடாவிட்டால் ஒரு தச்சர் சுவரையா இடிப்பார், கதவைத்தானே இழைப்பார்? கால் தூக்க இடமில்லை, எனவே முழங்காலுக்கு மேல் உதை கிடையாது. கையை வீச இடமில்லை, எனவே முழங்கை விலாவை விட்டு அகலாது. முன்னால் பெட்டிகளும் செருப்புகளும் கிடந்ததால் காலை எடுத்து வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்தினார். தூங்குகிறவர்கள் இருந்ததால் கராத்தேக்காரர்கள் போடும் கூச்சலே கிடையாது; மூக்கால் ஒரு மூச்சு, அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து, எல்லோரும் சமையலுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் இடுக்கில் இதைப் பழகுவார். மேலிருந்து சுல்தான் காக்கா காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “தம்பி, தோளு பக்கத்துக் கட்டில்ல உரசுது பாருங்க, இன்னும் ஒடுங்கணும்” என்று திருத்துவார். கராத்தே பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடுக்கைப் பற்றி அவரைவிட அறிந்தவர் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காக்கா திரும்பியிருந்தார். அப்பாவும் நானும் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினோம். தங்கராஜ் என் கையிலிருந்த தூக்கை வாங்கித் திறந்து, ஒரு மீனை எடுத்துத் தின்றுவிட்டு, முள்ளை மாமாவின் தலையணைமேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பி வந்தார். பிறகு, “அக்கா கொளம்பு நல்லாத்தான் வைக்கா. தம்பிக்குத்தான் உப்பு இல்ல” என்றார்.

மாமா முள்ளை எடுத்துக் கீழே போட்டுவிட்டு இடுக்கில் முன்னால் வந்தார். “அண்ணே, எங்க அக்காவைப் பத்திப் பேச வேணாம்” என்றார்.

“பேசுனா என்னலே செய்வ?”

தங்கராஜ் இடுக்கில் இறங்கி மாமாவின்மேல் பாய்ந்தார். மாமா பின்னால் நகர்ந்தார், நகர்ந்தார், தம் கட்டில்வரை நகர்ந்துவிட்டார். இனி போக இடமில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்போது மாமா தலையைக் குனிந்து, மேல்கட்டிலின் கம்பிக்கு அடியில், தம் படுக்கைக்குள் ஒரு எட்டு பின்வாங்கினார். வந்த வேகத்தில் தங்கராஜின் நெற்றி கம்பியில் மோதியது. முதலில் சொன்னேனே, அந்தச் சத்தம். மேலே உட்கார்ந்திருந்த காக்கா ஒருமுறை எழும்பி அமர்ந்தார். கீழேயிருந்து மாமாவின் முழங்கை தங்கராஜின் தொப்பைக்குள், ஒரு ஜாண்கூட இருக்காது, போய்வந்தது. கிரேன் ஓட்டுநர் செருப்புகளின்மேல் உட்கார்ந்து, மூச்சைத் தேடினார்.

போலீஸ் என்ற சொல் எல்லோருடைய தொண்டையிலும் நின்றது. காக்கா மேலேயிருந்து தீர்ப்புச் சொன்னார்: “யாரும் யாரையும் அடிக்கல. கட்டிலுதான் அடிச்சிச்சு. நெத்தியில அடையாளம் இருக்கு, கம்பியைக் கேளுங்க.” தங்கராஜே தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் வேறு அறைக்கு மாறிப் போனார்.

இந்தச் செய்தி, கம்பியை வழியிலேயே உதிர்த்துவிட்டு, ரோலா முழுவதும் பரவ, டீக்கடைக்கும் சலூனுக்கும் போய்வர ஆகிற நேரம்தான் ஆயிற்று. ஆட்கள் மாமாவிடம் வந்து கற்றுத்தரச் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில், டிஷ் ஆண்டெனாக்கள் வராத அந்தக் காலத்தில், வெள்ளிக்கிழமை காலைகளில் வகுப்பு தொடங்கியது. கடைப் பையன்கள், சலூன்காரர், கட்டடத்துப் பிள்ளைகள், பெண்பிள்ளையாக நான் ஒருத்தி. அறையில் இருந்தவர்கள் கேலியாக வைத்த ‘இடுக்குக் கராத்தே’ என்ற பெயரையே மாமா நிலைபெறச் செய்தார். ஊரில் யாரிடமும் கற்காத, அவரே கோத்த அடிவரிசைகள். எதிராளி இல்லாமல் தனியே வரிசையாகச் செய்துகாட்டும் இந்தப் பயிற்சியைக் கராத்தேக்காரர்கள் ‘கட்டா’ என்பார்கள். அப்படி ஆறு ஏழு கட்டாக்கள் அவரிடம் உருவாயின. ஒரு கலையைத் தோற்றுவிப்பது என்றால் மலைமேல் ஏறித் தவமிருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள், பலகை அடித்துவிட்டு வந்து சோற்றுக்கு வரிசையில் நிற்கும் மனிதருக்குத் தவம் செய்ய எங்கே லீவு கிடைக்கும் என்று யோசிக்க வேண்டும்.

தங்கராஜை வீழ்த்திய அந்தக் கடைசி அடியை மட்டும் மாமா எங்களுக்குக் குனியாமலே கற்றுக்கொடுத்தார். பின்வாங்குவது உண்டு, முழங்கை உண்டு, குனிவது கிடையாது. நான் அறையில் பார்த்தவள் ஆயிற்றே, கேட்டேன்.

“அன்னைக்குக் குனிஞ்சீங்களே மாமா?”

“அங்க கட்டில் இருந்துச்சு, குனிஞ்சேன். மொட்டை மாடியில எவன் கட்டில் போட்டு வச்சிருக்கான்? கட்டில் இல்லாத எடத்துல எதிராளி முன்னாடி தலையைக் குனிஞ்சா பிடரியில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பான் பாப்பா. குனியிறது அடி இல்ல. கம்பிதான் அடி.”

இந்த வாக்கியத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது ராஜ்மோகன் வருகிறார். ரோலாவில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவரின் மகன், இருபத்தைந்து வயதிருக்கும், ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், சொந்தக் கார் வைத்திருந்தார். கடையில் வந்த சண்டைப் படங்களையெல்லாம் பார்த்திருந்ததால், தமக்குப் பாதி தெரியும் என்ற முகத்தோடுதான் மாடியேறி வந்தார். உண்மையைச் சொன்னால், நல்ல மாணவர். ஒருமுறை பார்த்தால் உடம்பில் ஏறிவிடும். மாமாவை ‘மாஸ்டர்’ என்று அழைத்த முதல் ஆள் அவர்தான். அந்தச் சொல் மாமாவின் முகத்தில் என்ன செய்தது என்று நான் பார்த்தேன். என்னைக் காட்டி, “பொண்ணுக்கு எதுக்கு மாஸ்டர் இதெல்லாம்? நாளைக்கு இவ யாரை அடிக்கப் போறா?” என்று கேட்ட முதல் ஆளும் அவர்தான். அந்தக் கேள்விக்கான விடையை அவர் பிற்பாடு தெரிந்துகொள்வார்.

மொட்டை மாடியில் கூட்டம் கூடுவது பற்றி வாட்ச்மேன் முணுமுணுக்க ஆரம்பித்ததும், ராஜ்மோகன் ஒரு யோசனை சொன்னார். முறையாக ஒரு ஹால் எடுத்து, லைசென்ஸ் வாங்கி, பள்ளியாகவே நடத்தலாம். ஆனால் மாமாவின் விசா கட்டுமானக் கம்பெனியின் தச்சர் விசா. அதில் லைசென்ஸ் எடுக்க முடியாது. இன்னோர் இடத்தில் வேலை செய்வதே சட்டப்படி தவறு. “நான் எங்க கஃபீலை வச்சு என் பேர்ல எடுத்துடுறேன் மாஸ்டர். பேப்பர்லதான் நான். மத்தபடி எல்லாம் நீங்கதான்” என்றார். ஸ்பான்சராக இருக்கும் உள்ளூர்க்காரரைத்தான் கஃபீல் என்பது. அவர் சொன்ன விதி முழுக்கச் சரியானது. நடைமுறைகளை அறிந்த காலத்தில் நான் பலமுறை யோசித்திருக்கிறேன்: கெட்டவர்கள் எப்போதும் விதியைச் சரியாகத்தான் சொல்கிறார்கள், அதனால்தான் நாம் தலையாட்டுகிறோம்.

திறப்பு நாளன்று மாமா புதுச்சட்டை போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வாசலில் பெரிய பலகை. ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதியிருந்தது. மாமாவுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘ஷின் ராஜ் ரியூ. தோற்றுவித்தவர்: கிராண்ட் மாஸ்டர் ராஜ்மோகன்.’ ரியூ என்றால் ஜப்பானிய மொழியில் ஒரு வழிமுறை, பரம்பரை என்று பொருளாம். நடுவில் இருக்கும் ராஜுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

“என் பேரு எங்கப்பா?” என்றார் மாமா.

“போர்டுல எடம் பத்தல மாஸ்டர். அடுத்த போர்டுல போட்டுடலாம். இடுக்கு கிடுக்குன்னு போட்டா வெள்ளைக்காரன் எவன் வருவான்? நீங்களே சொல்லுங்க.”

மாமாவின் முழங்கை விலாவோடு ஒட்டுவதை நான் பார்த்தேன். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆனால் அம்மாவின் வாக்கு எனக்கு நினைவு வருவதற்கு முன்பே அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஓங்கிய கை ஏர்போர்ட்டில் போய் இறங்கும். ஊரில் இரண்டு தங்கைகள் அந்தக் கையை நம்பி இருந்தார்கள். மூக்கால் ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான்.

ராஜ்மோகனுக்கு அத்தோடு போதவில்லை. “மாஸ்டர், கிரேன் ஆளை அடிச்சீங்களே, அந்த மூவ்மெண்ட். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது இல்லயாமே? ரூம்ல இருந்தவங்க வேற மாதிரி சொல்றாங்க. ஒரிஜினலைக் காட்டுங்க” என்றார். பெயர் போயிற்று, இனி மிச்சமிருப்பதையும் எடுத்து வை என்பது அதன் பொருள்.

மாமா சற்று நேரம் அந்த ஹாலைப் பார்த்தார். பளபளவென்று மெழுகிய தரை, நான்கு பக்கமும் கண்ணாடி, ஒரு நாற்காலிகூட இல்லாத வெட்டவெளி. பிறகு நடுவில் போய் நின்று, சொன்னார்: “ஆமா. கடைசியை நான் யாருக்கும் சொல்லித்தரல. வா.”

பின்வாங்கினார், பின்வாங்கினார், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் தலையைக் குனிந்து, ஒன்றுமே இல்லாத ஒன்றுக்கு அடியில் நுழைந்து, முழங்கையைச் செலுத்தினார். கண்ணாடியில் அவருடைய கண் என்னைத் தேடிப் பிடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ராஜ்மோகன் நெற்றியைச் சுருக்கினார். “இங்க எதுக்கு மாஸ்டர் குனியணும்?”

“அதான் சூட்சுமம். குனியாம இந்த அடி வராது. நீ எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த எடத்துல மட்டும் குனியாம இருந்துறாத.”

பலமுறை செய்யவைத்தார். தலை இன்னும் தாழவேண்டும் என்று பிடரியில் கைவைத்து அழுத்தித் திருத்தினார். ராஜ்மோகன் நல்ல மாணவர் என்று சொன்னேனே. சிறிது நேரத்தில் அந்தக் குனிவு அவருடைய எலும்பில் ஏறிவிட்டது.

திரும்பி வரும்போது ரோலா சதுக்கத்துப் பக்கம் எனக்கு லபான் என்கிற மோர் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு மாமா சொன்னார்: “என் கட்டிலைத் தூக்கி அவன் தலைமேல வச்சிட்டேன் பாப்பா. சாகுறவரைக்கும் செமந்துக்கிட்டுத் திரியட்டும். நீ யார்ட்டயும் மூச்சு விடாத.”

அந்த மாதமே மாமாவின் கம்பெனிக்குத் தகவல் போயிற்று: உங்கள் தச்சர் வெளியே கராத்தே வகுப்பு நடத்துகிறார். கம்பெனி ஆட்களின் தங்குமிடப் பொறுப்பாளர் பட்டான் ஒருவர், நல்ல மனிதர், மாமாவிடம் மறைக்காமல் சொன்னார்: “தும்ஹாரா ஸ்டூடண்ட் ஹீ ஃபோன் கியா, பாய்.” உன் மாணவன்தான் போன் செய்தான். விசா ரத்து. ‘கேன்சல்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். கையை ஓங்காமலே மாமா ஏர்போர்ட்டில் போய் இறங்கினார். அம்மா மீன்குழம்பு வைப்பதைச் சில வெள்ளிக்கிழமைகள் நிறுத்திவைத்தாள். என் தந்தை அவளிடம், “விடு கோமதி, கடவுள் பாத்துக்குவார்” என்றார். கடவுளுக்கு வேலை அதிகம் என்பதால் நானும் பார்த்துக்கொள்வது என்று அன்றே முடிவுசெய்தேன்.

படித்தேன். துபாயில் ஒரு பெரிய நிறுவனத்தின் விசாப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே தலைமை வகித்து ஓய்வு பெற்றேன். எந்த ஜன்னலில் எந்த முத்திரை, எந்த முத்திரைக்குப் பிறகு எதை மாற்ற முடியாது என்பது எனக்கு உறக்கத்திலும் தெரியும். ராஜ்மோகனை நான் கண்பார்வையில் வைத்திருந்தேன். ஒரு ஹால் நான்காயிற்று. ஷார்ஜா, அஜ்மான், அல் குசைஸ், பிறகு தோஹாவின் நஜ்மாவில் ஒன்று. பழைய பலகை பலமுறை மாறியும் மாமாவின் பெயருக்கு எந்தப் பலகையிலும் இடம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றிப் புகார் கொடுக்க எனக்கு வழி தெரியாமல் இல்லை. வழிதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். ஆனால் புகார் கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஓர் அபராதம், ஒரு மன்னிப்பு, ஒரு மூலையில் சின்ன எழுத்தில் மாமாவின் பெயர். நான் பதினொரு வயதிலிருந்து காத்திருந்தது அதற்காக அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் தம் பள்ளிக்கு ஒரு சின்னம் வரைந்து, வணிக முத்திரையாகப் பதிவுக்கு விண்ணப்பித்தார். சின்னம் என்ன தெரியுமா? தலையைத் தாழக் குனிந்து பின்வாங்கும் ஒரு மனித உருவம். அப்படி ஒன்று விளம்பரமாக வெளிவந்த பிறகு, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிப்பதற்கென்று ஒரு கால அளவு உண்டு. நான் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் காலம் முடிகிற நாளைக் கல்யாண முகூர்த்தம் போல எதிர்பார்த்திருந்தேன். முடிந்தது. பதிவாயிற்று. பலகைகளிலும், சட்டையின் நெஞ்சிலும், பள்ளி வேன்களின் இரு பக்கங்களிலும் என் மாமாவின் கட்டிலுக்குக் குனிகிற மனிதன் ஏறினான். தவறு செய்பவரைத் தடுக்க வேண்டிய நேரம் எது என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். நல்லவராக இருந்தால் முதல் முத்திரைக்கு முன்னால். மற்றவராக இருந்தால் கடைசி முத்திரைக்குப் பின்னால்.

சென்ற குளிர்காலத்தில் அல் குசைஸில் ஒரு பள்ளி அரங்கில் அவர்களுடைய ஆண்டு விழா. நுழைவு இலவசம் என்பதால் போனேன். வாசலில், ‘பெண் குழந்தைகளுக்குத் தனிக் கவனம்’ என்று பேனர். மேடையில் ராஜ்மோகன், தலை வழுக்கை, தொப்பைமேல் கறுப்பு பெல்ட், அதில் பொன்னெழுத்தில் அவர் பெயர். கீழே வெள்ளை உடையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள். அந்தக் கட்டா தொடங்கியது. முழங்கைகள் விலாவை விட்டு அகலவில்லை. கால்கள் அங்கே இல்லாத செருப்புகளை விலக்கித் தரையோடு தேய்ந்தன. எவரும் கூச்சல் போடவில்லை, எப்போதோ உறங்கி எப்போதோ ஊர்போய்ச் சேர்ந்துவிட்ட இரவு டியூட்டிக்காரர்களை எழுப்பிவிடாமல். பின்வாங்கினார்கள், பின்வாங்கினார்கள். பிறகு அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் தலை குனிந்தது. என் நெஞ்சில் ஏதோ தளும்பியது. அதை ஆனந்தம் என்று சொல்லாமல் நாகரிகமாக வேறு ஏதாவது சொல்ல முயன்றேன், வரவில்லை.

ராஜ்மோகன் ஒலிபெருக்கியில் விளக்கினார்: “இந்த பௌ, இந்தக் குனிவு இருக்கே, இதுதான் நம்ம ஸ்டைலோட உயிர். இது குருவுக்கு வணக்கம். சண்டைக்கு நடுவுலயும் நாம குருவை மறக்கிறதில்ல.” எந்தக் குரு என்று சொல்லவில்லை. அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையைத் தெரியாமல் சொல்லிவிட்டார்.

இடைவேளையில் பெற்றோர்கள் அவரோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தது. பின்னால் சுவர் உயரத்துக்கு அந்தச் சின்னம்.

“எந்தக் குழந்தையோட பேரண்ட் நீங்க?” என்றார்.

“யாரோடதும் இல்ல. ரோலா மொட்டை மாடியில உங்களுக்குப் பின்னாடி நின்ன பொண்ணு. நாளைக்கு இவ யாரை அடிக்கப் போறான்னு கேட்டீங்களே.”

அவருடைய சிரிப்பு முகத்திலேயே நின்றது, கண் மட்டும் வேலுச்சாமியைத் தேடி எனக்குப் பின்னால் பார்த்தது. “மாஸ்டர்... எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்கார். பரமக்குடியில மரக்கடை. ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன்” என்று அவர் காதருகே குனிந்தேன். “நீங்க குனியிறீங்களே, அது குருவுக்கு இல்ல. அந்த எடத்துல மாமாவோட ரூம்ல ஒரு ரெட்டைக் கட்டில் இருந்துச்சு. மேல்கட்டில் கம்பி தலையில இடிக்கும்னு குனிஞ்சார். கிரேன்காரன் குனியல, அவன் நெத்தி கம்பியில போய் மோதிச்சு. அடி அவ்வளவுதான். கட்டில் இல்லாத எடத்துல குனியக்கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் சொல்லித்தந்தார். உங்களுக்கு மட்டும் கட்டிலைச் சேத்துக் கொடுத்தார்.”

போட்டோகிராபர் எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார். நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

இடைவேளைக்குப் பிறகு பெரிய பிள்ளைகளின் முறை. அதே கட்டா. நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, மேடையைத்தான் பார்த்தேன். பிள்ளைகள் பின்வாங்கியபோது ராஜ்மோகன் நாற்காலியில் சற்று எழுந்தார். நிறுத்தச் சொல்லப்போகிறவர் போலக் கை உயர்ந்தது. பக்கத்தில் தலைமை விருந்தினர், சுவரில் சின்னம், எதிரில் பெற்றோர்களின் கேமராக்கள். கை இறங்கியது. எல்லாத் தலைகளும் குனிந்த அந்த நொடியில் அவருடைய கண் அவற்றுக்கு மேலே, வெறும் காற்றில், ஒரு கம்பி இருக்க வேண்டிய உயரத்தில் போய் நின்றது. தாம் திருடியது என்ன என்பதை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

ரோலாவில் அந்தப் பழைய கட்டடம் இப்போது இல்லை. இடித்து, கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். எங்கள் மொட்டை மாடியும் போயிற்று. கேசட் கடை போயிற்று. மாமா சொன்ன தகவல்படி சுல்தான் காக்கா கீழக்கரை மண்ணில் அடங்கிவிட்டார். துபாயில் வெள்ளிக்கிழமை விடுமுறைகூடச் சனி ஞாயிற்றுக்கு நகர்ந்துவிட்டது. இடுக்கு முடிந்த பிறகும் பின்வாங்க ஒரு தலையணை அகலம் இடம் கொடுத்த அந்த இரட்டைக் கட்டில் எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகிற்றோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு மாலையும் நான்கு ஊர்களில், மெழுகிய தரைக்கு மேலே, அது தன் உயரத்தில் அப்படியே நிற்கிறது. அதன் அடியில் தலைகள் தாழ்கின்றன.

விழாவில் எடுத்த வீடியோவை மாமாவுக்கு அனுப்பியிருந்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார். பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மரம் அறுக்கும் சத்தம். அதற்கு நடுவே, எழுபதைக் கடந்த தச்சரின் குரல், அளவு சொல்லும் தொனியில்:

“நல்லாத்தான் செய்றாய்ங்க பாப்பா. ஆனா, அவன்ட்ட சொல்லு, இன்னும் கொஞ்சம் குனியணும். கம்பி அதுக்கும் கீழ இருந்துச்சு.”